பியூர்பாண்ட் ப்ளைவுட்: மகள் அறைக்கு ஆறு ஷீட்

மூன்று வருடத்துக்கு முன்னால் மகளின் அறைக்கு ஒரு புத்தக அலமாரி வாங்கினோம். பெட்டியில் தனித்தனிப் பலகையாக வரும், நாமே திருகி நிறுத்திக்கொள்கிற வகை. பெட்டியைத் திறந்ததுமே ஒரு நெடி மூக்கில் ஏறியது. புதுச் சாமானுக்கு வாசம் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டோம். ஒரு வாரம் ஜன்னலைத் திறந்து வைத்தோம். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், இங்கே மழைக்காலத்தில் ஜன்னலை எத்தனை நாள் திறந்து வைக்க முடியும்? மூடிய மறுநாள் காலையில் பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுந்து வந்தாள். அந்த அறையில் போய் நின்றால் எனக்கும் கண் கரித்தது, வெங்காயம் அரிகிற இடத்தில் நிற்பது போல. இரண்டு மாதம் பொறுத்துவிட்டு அலமாரியைக் கழற்றி கராஜில் போட்டேன். அதனால்தான் கண் எரிந்தது என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. ஆனால் அலமாரி வெளியே போனதும் எரிச்சலும் போய்விட்டது.

அப்புறம்தான் ஒரு பலகைக்குள் என்னென்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். தேடிப் போய் நின்ற இடம் பியூர்பாண்ட் என்கிற ப்ளைவுட். இதுவரை ஆறு முழு ஷீட் வாங்கி அறுத்திருக்கிறேன். மகளுக்கு ஒரு கட்டில், அதன் அடியில் நாலு இழுப்பறை, சுவரை ஒட்டி ஒரு புத்தக அலமாரி, ஹாலில் சாமி அலமாரி. கட்டிலுக்கு இரண்டு வயதாகப் போகிறது. நான் தொழில்முறைத் தச்சன் இல்லை, பகலில் கம்ப்யூட்டர் வேலை. என் பாட்டா தச்சர். கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். அவருடைய பட்டறையில் வளர்ந்ததால் மரத்தைத் தொட்டுப் பார்க்காமல் வாங்க எனக்கு மனம் வராது. இந்தப் பலகையைப் பற்றி என்னிடம் கேட்கிற நண்பர்கள் அதிகமாகிவிட்டார்கள். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த நெடி. அது மரத்தின் நெடியே இல்லை, பசையின் நெடி. ப்ளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் எல்லாமே மரத்தை உரித்தோ பொடித்தோ பசையால் திரும்பச் சேர்த்தவைதான். வீட்டுக்குள் பயன்படுகிற பலகைகளில் நெடுங்காலமாக இருப்பது யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. விலை குறைவு, நிறம் கிடையாது, சூடான பிரஸ்ஸில் சட்டென்று இறுகிவிடும். ஆனால் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பிணைப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவிழும். அவிழ அவிழ ஃபார்மால்டிஹைடு வாயுவாக வெளியே வரும். இது வருடக்கணக்கில் நடக்கிற விஷயம். 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. மறுவருடம் வந்த கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களைக் குடிவைத்த டிரெய்லர்களில் பிறகு இதே வாயு பெரிய பிரச்சினையாகி நாடு முழுவதும் பேசப்பட்டது. கலிஃபோர்னியா முதலில் கடுமையான வரம்பு வைத்தது. மேப்பிள் மாதிரி மரங்களில் செய்கிற ஹார்ட்வுட் ப்ளைவுட்டுக்கு அது பத்து லட்சத்தில் 0.05 பங்கு. 2010இல் அமெரிக்கா முழுமைக்கும் சட்டம் வந்தது, 2018 ஜூனில் நடைமுறைக்கு வந்தது.

அதனால் இன்று கடையில் இருக்கிற பலகைகளில் அந்தச் சட்டத்தின் பெயரில் 'டிஎஸ்சிஏ டைட்டில் 6' என்று ஒரு லேபிள் இருக்கும். நான் கழற்றிப் போட்ட அலமாரியின் பெட்டியிலும் இருந்தது. அந்த லேபிளுக்கு அர்த்தம், வாயு வரம்புக்குள் வருகிறது என்பது. வாயுவைத் தருகிற பசையே சேர்க்கவில்லை என்றால் அதற்குத் தனிப் பெயர் உண்டு: 'நோ ஆடட் ஃபார்மால்டிஹைடு', சுருக்கமாக என்ஏஎஃப். பியூர்பாண்ட் இந்த வகை. மரத்திலேயே இயற்கையாகத் துளி அளவு ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, அதனால் முழுப் பூஜ்யம் என்று யாரும் சொல்ல முடியாது. பசையிலிருந்து வருவது இல்லை, அவ்வளவுதான் வாக்குறுதி. எனக்கு வேண்டியதும் அதுதான்.

இந்தப் பசையின் கதை என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், அது ஒரு சிப்பியிலிருந்து ஆரம்பிக்கிறது.

எங்கள் ஊர்ப் பக்கம் சிப்பி என்றாலே பாறையில் ஒட்டி வளர்கிற அந்தப் பழுப்புச் சிப்பிதான். முட்டம், கடியபட்டணம், குளச்சல் பக்கமெல்லாம் ஆட்கள் மூச்சடக்கி முங்கி, இரும்பை வைத்து நெம்பி அதைப் பறிப்பார்கள். கையால் இழுத்தால் வராது. சின்ன வயதில் நான் ஒன்றைப் பிடித்து இழுத்து விரலைக் கிழித்துக்கொண்டது நினைவிருக்கிறது. அலை நாள் முழுக்க அறைகிற பாறை, மேலே பாசி, உப்புத்தண்ணீர். அதில் அது எதை வைத்து ஒட்டுகிறது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

இங்கே ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கைசாங் லி என்ற மர வேதியியல் பேராசிரியருக்கு அந்தக் கேள்வி தோன்றியது. பல்கலைக்கழகம் இருக்கும் கார்வாலிஸ் ஊரிலிருந்து 20ஆம் எண் சாலையில் ஒரு மணி நேரம் போனால் நியூபோர்ட் கடற்கரை. இந்தக் கரையில் கறுப்புப் பாறைகளில் அடை அடையாக ஒட்டியிருக்கிற சிப்பிகளைப் பார்த்துவிட்டுத்தான், ஈரத்திலேயே இறுகுகிற இந்தப் பசையை மரத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று அவர் யோசித்தார்.

சிப்பி செய்வது இதுதான். நாக்கு மாதிரி ஒரு பாதத்தை நீட்டிப் பாறையில் அழுத்துகிறது. அடியில் சின்ன ஓர் இடம் உண்டாக்கி, அதற்குள் புரதத்தைச் சுரக்கிறது. புரதம் தண்ணீரில் கரைந்து ஓடிப் போவதில்லை. எண்ணெய்த் துளி தண்ணீரில் நிற்பது போலத் துளித்துளியாகத் தனியே நின்று, பாறையின் மேல் பரவி, தண்ணீரை ஒதுக்கிவிட்டு ஒட்டுகிறது. சில நிமிடத்தில் ஒரு நூலும் நூல்முனையில் ஒரு வட்டும் தயார். அந்தப் புரதத்தில் டோபா என்ற ஒரு கூறு (புரதத்தைக் கோர்க்கிற மணிகளான அமினோ அமிலங்களில் ஒன்று) நிறைய இருப்பதை ஹெர்பர்ட் வெயிட் என்ற விஞ்ஞானி 1981இல் எழுதினார். பாறையை ஒட்டி இருக்கிற ஒரு வகைப் புரதத்தில் நூறு அமினோ அமிலத்துக்கு ஏறத்தாழ முப்பது டோபாதான். டோபா பாறையில் இருக்கிற உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். கடல்நீரின் காரத்தன்மையும் ஆக்சிஜனும் பட்டதும் மாறி, பக்கத்துப் புரதத்தோடு பின்னிக்கொள்ளும்.

இது புரியவில்லை என்றால் வாழைக்காய் நறுக்குகிற கையைப் பாருங்கள். அந்தக் கறையும் இதே குடும்பம்தான். வாழையில் டோபாவுக்கு நெருங்கிய உறவான டோபாமின் இருக்கிறது, காற்று பட்டதும் மாறிக் கறுக்கிறது, விரலோடு ஒட்டிக்கொள்கிறது, சோப்புக்குப் போகாது. நறுக்கிய வாழைப்பூவை அம்மா மோர்த் தண்ணீரில் போடுவது அந்த மாற்றத்தைத் தடுக்கத்தான். 2007இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மெஸ்ஸர்ஸ்மித் என்பவருடைய குழு, டோபாமினைக் கொஞ்சம் காரத்தன்மை உள்ள தண்ணீரில் கரைத்து அதில் எதை முக்கி வைத்தாலும் மெல்லிய கறுப்புப் படலம் ஒட்டிக்கொள்வதைக் காட்டியது. எதிலுமே ஒட்டாத டெஃப்லானில் கூட ஒட்டியது. சிப்பியைப் பார்த்து உண்டான ஆய்வுகளில் இன்றுவரை அதிகம் பேசப்படுவது இதுதான். சமையலறையில் அந்தக் கறையைத் தேங்காய் எண்ணெய் தடவிச் சமாளித்த நம் வீட்டுப் பெண்களுக்கு அதன் பிடிவாதம் முன்பே தெரியும்.

சரி, பலகைக்கு வருகிறேன். சிப்பியிலிருந்து புரதம் எடுத்து ப்ளைவுட் செய்ய முடியாது, அத்தனை சிப்பி உலகத்தில் கிடையாது. லி எடுத்துக்கொண்டது சோயா. எண்ணெய் எடுத்த சோயா மாவில் பாதி புரதம், விலையும் மலிவு. அவர் முதலில் சோயாப் புரதத்தில் டோபாமினைக் கோர்த்துப் பார்த்தார். ஈரம் தாங்கும் பசை கிடைத்தது. ஆனால் டோபாமின் விலைக்கு யார் ப்ளைவுட் செய்வார்கள்? அப்புறம் கிடைத்த வழிதான் உண்மையான கண்டுபிடிப்பு என்று நான் நினைக்கிறேன். காகித ஆலைகளில் ஈரத்தில் காகிதம் கிழியாமல் இருக்க ஒரு பிசினைச் சேர்ப்பார்கள். தண்ணீரில் நனைந்த பேப்பர் டவல் கூழாகாமல் நிற்பதும், டீ பேக் வெந்நீரில் பிரியாமல் இருப்பதும் அந்தப் பிசினால்தான். அதில் நாலு மூலை கொண்ட சின்ன வேதி வளையங்கள் இருக்கின்றன. சூடான பிரஸ்ஸில் அவை திறந்து, சோயாப் புரதத்தின் கைகளைப் பிடித்து வலையாகப் பின்னிவிடும். சிப்பிப் புரதம் கடலில் செய்துகொள்கிற பின்னலை, இங்கே காகித ஆலைப் பிசின் செய்து தருகிறது.

கொலம்பியா ஃபாரஸ்ட் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 2005இல் இதை பியூர்பாண்ட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிசினைத் தந்தது ஹெர்குலிஸ் என்ற ரசாயனக் கம்பெனி. 2006 ஒரே வருடத்தில் அவர்களுடைய ஆலைகளில் 4 கோடியே 70 லட்சம் பவுண்டுக்கு மேல் ஃபார்மால்டிஹைடு பசையின் இடத்தை சோயாப் பசை பிடித்தது. மறுவருடம், 2007இல், லிக்கும் இரண்டு கம்பெனிகளுக்கும் சேர்த்து அமெரிக்க அதிபர் பெயரிலான பசுமை வேதியியல் விருது கிடைத்தது. ஆலைக்குள் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்ற தொழிலாளிகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். என் மகள் இரண்டு மாதம் சுவாசித்ததை அவர்கள் வருடம் முழுக்க, பல மடங்கு, சுவாசித்திருப்பார்கள்.

சோயாப் பசை புதிதும் இல்லை. இந்தப் பகுதியில் ப்ளைவுட்டின் வரலாறே பசையின் வரலாறு. 1905இல் போர்ட்லாண்டில் நடந்த பெரிய கண்காட்சிக்காக, செயின்ட் ஜான்ஸ் பகுதியில் இருந்த ஒரு மரப்பட்டறை டக்ளஸ் ஃபர் மரத்தில் ப்ளைவுட் செய்து வைத்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் பசை தடவி, வீடு தூக்குகிற ஜாக்கியால் அழுத்தினார்கள். அந்தப் பசை மிருகத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்தது, பாட்டா தகரக் குவளையில் வெந்நீருக்குள் வைத்து உருக்குகிற அதே வஜ்ரம். அந்த நாற்றத்தோடுதான் அவர் பட்டறை எனக்கு நினைவில் இருக்கிறது. வஜ்ரம் மரத்தைப் பிடித்தால் விடாது, தண்ணீர் பட்டால் விட்டுவிடும். 1920களில் சியாட்டிலில் லாக்ஸ் கம்பெனி சோயாப் பசையைக் கொண்டுவந்தது. அதுவும் ஈரத்துக்கு நிற்காது. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் பெட்ரோலியப் பசைகள் வந்து சோயாவை ஓரங்கட்டின. ஆக லி கொண்டுவந்தது சோயாவை இல்லை, சோயாவுக்குத் தண்ணீரைத் தாங்கும் சக்தியை.

அந்தச் சக்தியை நானே பார்க்க ஆசைப்பட்டேன். ப்ளைவுட்டின் பசைக்கு ஒரு வழக்கமான சோதனை உண்டு: நாலு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, 19 மணி நேரம் 50 டிகிரி பக்கத்தில் உலர்த்தி, இப்படி மூன்று தடவை. என் கராஜில் அளவெல்லாம் துல்லியமாக இருக்காது, ஆனாலும் செய்தேன். ஒரு வாளி, ஹீட்டர் முன்னால் ஒரு கம்பி வலை, ஒரு தெர்மாமீட்டர். நாலு மாதிரிகள். கட்டிலில் மிஞ்சிய பியூர்பாண்ட் துண்டு, பழைய அலமாரியின் பார்ட்டிகிள் போர்டு துண்டு, வெள்ளைப் பசையால் நான் ஒட்டிய இரண்டு மேப்பிள் பட்டைகள், அப்புறம் வீட்டிலேயே கலக்கிய சோயாப் பசையில் ஒட்டிய இரண்டு பட்டைகள்.

வீட்டு சோயாப் பசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணெய் எடுத்த சோயா மாவு ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, கடைசியில் கொஞ்சம் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர். முதலில் மோர் மாதிரி இருந்தது. பாலும் மோரும் எப்படித் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக நிற்கின்றனவோ அப்படித்தான் இதுவும். புரதங்கள் நூல்கண்டு போலச் சுருண்டு தண்ணீரில் மிதக்கின்றன. சுண்ணாம்பு சேர்ந்ததும் கண்டு அவிழ்ந்தது போல. கரண்டியில் கனம் தெரிந்தது, தோசைமாவுப் பதத்துக்கு வந்துவிட்டது. இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்தால் நூல் விட்டது. பாட்டா இருந்திருந்தால் தொட்டுப் பார்த்து 'பிடிக்கும்' என்று சொல்லியிருப்பார். பட்டைகளில் தடவி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டேன். காய்ந்த பிறகு கையால் உடைத்தேன். பசை விடவில்லை, மரம்தான் பிளந்தது. இதை எதிர்பார்க்கவில்லை. மிச்சப் பசை நாலாம் நாள் கெட்டு நாறிப்போனது, அது வேறு விஷயம்.

ஆனால் வாளியில்? முதல் ஊறலிலேயே, இரண்டு மணி நேரத்துக்குள், என் சோயாப் பட்டைகள் தானாகப் பிரிந்து மிதந்தன. ஒட்டின இடம் கொழகொழவென்று இருந்தது. பார்ட்டிகிள் போர்டு ஊறி ஊறிப் பருத்து, இரண்டாம் சுற்றில் விரலால் கிள்ள முடிந்தது. வெள்ளைப் பசைப் பட்டைகள் பிரியவில்லை, ஆனால் இணைப்பு வளைந்து கொடுத்தது. பியூர்பாண்ட் துண்டு மூன்று சுற்றும் தாண்டியது. முகத்து வெனீர், அதாவது மேலே ஒட்டியிருக்கிற மெல்லிய மரத்தகடு, சொரசொரப்பாகி லேசாக அலை விழுந்தது, நிறம் வெளுத்தது. அடுக்குகள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஓரத்தில் பிளேடு நுனியை விட்டுப் பார்த்தேன், போகவில்லை. ஒரே சோயா மாவு. ஒன்று இரண்டு மணி நேரத்தில் கொழகொழத்துப் போனது, இன்னொன்று மூன்று நாள் நின்றது. நடுவில் இருக்கிற வித்தியாசம் அந்தப் பின்னல்தான்.

இனி அறுக்கிற வேலை. முதல் ஷீட்டை வாளில் இறக்கியபோது நான் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி மோந்து பார்த்தேன். மேப்பிள் வாசம், லேசாக வறுத்த மாவு மாதிரி ஒரு வாசம், அவ்வளவுதான். கண்ணில் எரிச்சல் எதுவும் தெரியவில்லை. தூசி தூசிதான், அதற்கு மாஸ்க் கட்டாயம், பசை எதுவானாலும்.

முக்கால் இஞ்ச் மேப்பிள், நாலுக்கு எட்டு அடி, உள்ளேயும் வெனீர் அடுக்குகள். நான் வாங்கியது இந்த வகை. இங்கே ஒரு எச்சரிக்கை. இதே மாதிரி ஷீட்கள் நடுவில் எம்டிஎஃப்போ பார்ட்டிகிள் போர்டோ வைத்தும் வரும். முகத்து வெனீரை ஒட்டிய பசை சோயாவாக இருந்தாலும் நடுப்பலகைக்குள் வேறு பசை இருக்கலாம். அதனால் 'சோயா ப்ளைவுட்' என்று கடைக்காரர் சொன்னதும் தலையாட்டாதீர்கள். உள்ளே என்ன என்று கேளுங்கள், லேபிளைப் படியுங்கள். நான் முதலில் போன மரக்கடையில் கேட்டபோது இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது என்று சொன்னார்கள். வேறு கடைக்குப் போனேன்.

முகத்து வெனீர் மெல்லிசு. இது இந்த ப்ளைவுட்டின் குணம் இல்லை, இன்றைய அலங்கார ப்ளைவுட் எல்லாமே அப்படித்தான். நான் மின் சாண்டரை ஓர் இடத்தில் கூடுதலாக ஒரு நிமிடம் ஓட்டி, கட்டிலின் தலைமாட்டில் அடியில் இருக்கிற அடுக்கு தெரிகிற மாதிரி ஆக்கிவிட்டேன். 180 நம்பர் உப்புத்தாளில் கையாலேயே தேய்த்தால் போதும், ஆலையிலேயே நன்றாகத் தேய்த்துத்தான் வருகிறது. அறுக்கும்போது ஓரம் சிம்பு கிளம்பாமல் இருக்க அறுபது பல் பிளேடு போட்டு, கோட்டின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி அறுத்தேன். ஓரத்தில் திருகு இறக்கும்போது முதலில் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அடுக்குகளுக்கு நடுவில் ஆப்பு இறங்கின மாதிரி ஆகிவிடும். கட்டிலின் திருகுகளை இரண்டு வருடத்தில் ஒரு தடவைதான் இறுக்கினேன், அதில் குதிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில்.

இணைப்புகளுக்கு வழக்கமான வெள்ளைப் பசைதான். நம் ஊர் ஃபெவிகால் மாதிரி, பாலிவினைல் அசிடேட் துகள்கள் தண்ணீரில் மிதக்கிற பால். தண்ணீரை மரம் உறிஞ்சிக்கொண்டதும் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து படலமாகின்றன. அப்படிச் சேர ஓரளவு சூடு வேண்டும். ஜனவரியில் ஆறு டிகிரி குளிரில் கராஜில் ஓர் இழுப்பறையை ஒட்டினேன். மறுநாள் பசை சுண்ணாம்புக் கோடு மாதிரி வெளுத்திருந்தது, தட்டினதும் கழன்றது. துகள்கள் சேரவே இல்லை. பசைப் பாட்டிலையும் பலகையையும் முந்தின இரவே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒட்டினால் இந்தத் தொல்லை வராது.

இன்னொரு விஷயம் பாலிஷ். இத்தனை பார்த்துப் பலகை வாங்கிவிட்டு, மேலே ஆசிட் கலந்து இறுக்குகிற லாக்கரை அடித்தால் வாங்கினதற்கே அர்த்தமில்லை. அந்த வகை லாக்கர்கள் தாங்களே ஃபார்மால்டிஹைடை வெளிவிடும். தண்ணீரில் கலந்த பாலியூரிதேன் மூன்று கோட்டு அடித்தேன், கோட்டுக்குக் கோட்டு இரண்டு மணி நேரம் விட்டு. மேப்பிள் நிறம் மஞ்சளாகாமல் அப்படியே நின்றது. சாமி அலமாரிக்கு மட்டும் உள்ளே, விளக்கு வைக்கிற இடத்தில், ஒரு பித்தளைத் தகடு அடித்திருக்கிறேன். எண்ணெயும் சூடும் எந்த ப்ளைவுட்டுக்கும் ஆகாது.

எங்கே பயன்படுத்தக் கூடாது? வெளியே. இது வீட்டுக்குள் இருக்க வேண்டிய பலகை. மழை படுகிற தாழ்வாரம், தோட்டத்துப் பெட்டி, குளியலறைத் தரை இதற்கெல்லாம் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசையில் செய்த வெளிப்புற ப்ளைவுட்தான் சரி. அந்தப் பசை கருப்பாக இருக்கும், ஆனால் ஈரத்துக்கு அவிழாது. அதனால் அதிலிருந்து வாயு மிகவும் குறைவாகத்தான் வரும். ஃபார்மால்டிஹைடு என்ற பெயரைக் கேட்டதும் அதையும் ஒதுக்கிவிட வேண்டாம். அதே மாதிரி சோயா என்ற பெயரைக் கேட்டதும் இது முழுக்க இயற்கைப் பொருள் என்றும் நினைக்க வேண்டாம். உள்ளே இருக்கிற பிசின் எபிகுளோரோஹைட்ரின் என்ற கடுமையான ரசாயனத்தை வைத்துச் செய்தது. பிரஸ்ஸில் அது இறுகி வலையாகிவிடுகிறது, நம் அறைக்குக் கண்ணெரிச்சல் வாயுவை அனுப்புவதில்லை. 'சிப்பிப் பசை' என்று சொல்லி விற்பவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. இதில் சிப்பி ஒரு துளியும் இல்லை. சிப்பி தந்தது யோசனை.

விலை. முழு ஷீட்டுக்கு நான் கொடுத்தது நூறு டாலருக்குக் கொஞ்சம் கூட. வாங்கின கடையில் இதே கனத்தில் இறக்குமதி பிர்ச் ப்ளைவுட் இதைவிடக் குறைவாக இருந்தது. கட்டிலும் அலமாரியும் சேர்த்தால் திருகு, பாலிஷ் எல்லாம் உட்பட, பெட்டியில் வருகிற சாமானைவிட மூன்று மடங்கு ஆகியிருக்கும். எல்லா வீட்டுக்கும் இது முடியாது, தெரியும். அப்படியென்றால் ஒன்றே ஒன்று செய்யுங்கள்: பிள்ளை தூங்குகிற அறைக்கு மட்டும் இதை வாங்குங்கள். எட்டு மணி நேரம் மூடின கதவுக்குள், பலகைக்கு ஒரு முழம் தள்ளி அந்த முகம் இருக்கிறது. ஹாலில் இருக்கிற டிவி ஸ்டாண்ட் எதில் செய்திருந்தால் என்ன?

போன கோடையில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். நியூபோர்ட்டுக்குப் பக்கத்தில் யாக்கினா முனைக்குக் கூட்டிப்போனோம். கடல் வற்றியிருந்த நேரம், கறுப்புப் பாறை முழுக்கச் சிப்பி. இங்கே இருப்பது நீலக் கறுப்பு, எங்கள் ஊருடையது பழுப்பு, ஆனால் அடுக்கி நிற்கிற அழகு ஒன்றுதான். அந்த இடத்தில் எதையும் பறிக்கக் கூடாது. அம்மா குனிந்து ஒன்றை விரலால் ஆட்டிப் பார்த்தாள், அது அசையவில்லை.

"இது நம்ம சிப்பி தானே மக்ளே?"

"அதே சாதிதான் அம்மா."

மகள் பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டுக்கு அடியில் இருக்கிற நூல்களைக் காட்டி, "பாட்டி, என் கட்டில் பசை இதைப் பார்த்துத்தான் செஞ்சாங்க" என்றாள். அம்மா நம்பவில்லை. கட்டிலில் சிப்பி வாசமே வரவில்லையே என்றாள். வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, இழுப்பறையை இழுத்து உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தது. மகளின் பழைய ஸ்வெட்டர் வாசமும், கொஞ்சம் மர வாசமும் வருகிறது என்று சொன்னாள். அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் அந்தக் கட்டிலில்தான் தூங்கினார்கள், ஜன்னலை மூடி வைத்து.